ஜெர்மன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேட எந்தத் தளம் உதவியது: மாட்ரிகுலாவும் மற்றவையும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு போய்விடலாம். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த ஒரு மூதாதையரைத் தேடுகிறீர்கள், அவர் கத்தோலிக்கர் என்றால், மாட்ரிகுலா தளத்துக்கு ஈடாக நான் வேறு எதையும் பார்க்கவில்லை. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, இருநூறு வருடம் பழைய கோவில் பதிவேட்டின் பக்கம் அப்படியே திரையில் வந்து நிற்கும். ஐந்துக்கு ஐந்து. ஆனால் முதல் நாளே அதைத் திறந்து உட்கார்ந்தால் ஒன்றும் கிடைக்காது. ஊர்ப் பெயர் கையில் இருந்தால்தான் அது பயன்படும். அந்த ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது, நடுவில் தேவையில்லாமல் பணமும் போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. என் கணவரின் பாட்டிக்கு இப்போது 91 வயது. ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, "உனக்கு உன் ஊர் தெரியும், உன் தாத்தா பிறந்த ஊர் தெரியும், எனக்கு என் கொள்ளுத்தாத்தா எங்கிருந்து கிளம்பினார் என்று கூடத் தெரியாது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தது மூன்றே விஷயங்கள்: பெயர் பெர்ன்ஹார்ட்; ஊர் பிரஷ்யா (அன்றைய ஜெர்மனியின் பெரும்பகுதியை ஆண்ட அரசு); நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் இறங்கியபோது, அங்கே இருந்த அதிகாரி குடும்பப் பெயரை மாற்றி எழுதிவிட்டார்.

இதில் மூன்றாவது முதல் வாரத்திலேயே அடிபட்டுப் போனது. 1900-ம் வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு குடியேறியிடமும் எந்த வருடம் வந்தீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். பெர்ன்ஹார்ட் பெயருக்கு நேரே 1868. எல்லிஸ் தீவு திறந்ததோ 1892 ஜனவரி 1-ம் தேதி. அதற்கு முன்னால், 1855-லிருந்து 1890 வரை, நியூயார்க்கில் வந்து இறங்கியவர்கள் மன்ஹாட்டன் தெற்கு முனையில் இருந்த காசில் கார்டன் வழியாகத்தான் போனார்கள். பெயர் மாற்றிய கதையும் அப்படித்தான், நிறைய அமெரிக்கக் குடும்பங்களில் இதே கதை இருக்கிறது. எல்லிஸ் தீவு அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை, கப்பல் கிளம்பிய துறைமுகத்தில் எழுதிக்கொண்டு வந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர்கள் மாறியது அதற்கு அப்புறம், பள்ளிக்கூடத்தில், சம்பளப் பட்டியலில், பக்கத்து வீட்டுக்காரர் வாயில், பல நேரம் குடும்பத்தின் சொந்த விருப்பத்தில்.

சரி, ஊர் ஏன் மறந்துபோனது? இது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது. சின்சினாட்டியில் ஓவர்-தி-ரைன் என்று ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் ஓடிய மயாமி-ஈரி கால்வாய்க்கு ஊர்க்காரர்கள் ரைன் நதி என்று பெயர் வைத்துக் கூப்பிட, கால்வாயைத் தாண்டினால் ஜெர்மன்காரர்கள் என்பதால் வந்த பெயர். 1840-லிருந்தே இந்த ஊர் அரசுப் பள்ளிகளில் ஜெர்மன் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் எல்லாம் தலைகீழ் ஆனது. 1918-ல் பிரேமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆனது. 1919-ல் எட்டாம் வகுப்புக்குக் கீழே ஜெர்மன் கற்பிக்கக் கூடாது என்று ஒஹாயோ சட்டமே போட்டது, 1923-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று சொல்லும் வரை அது இருந்தது. பாட்டியின் அப்பாவுக்கு அப்போது 14 வயது. வீட்டில் அதுவரை பேசிய மொழியை வெளியில் பேசாதே என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவர் தன் பிள்ளைகளிடம் அதைப் பேசவே இல்லை. பேசாத மொழியோடு ஊர்ப் பெயரும் போய்விட்டது.

இப்போது தளங்களுக்கு வருகிறேன். முதலில் ஃபேமிலிசர்ச். யூட்டா மாநிலத்தில் இருக்கும் மார்மன் திருச்சபை நடத்துகிறது, இலவசம், ஒரு கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். 1938-லிருந்து உலகம் முழுக்கப் போய்ப் பழைய ஏடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்து, மலையைக் குடைந்து கட்டிய பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பக்கத்து வேலை முழுக்க நான் இதிலேயே முடித்தேன்: கணக்கெடுப்பு, குடியுரிமை, இறப்புச் சான்று. இதில் இறப்புச் சான்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒஹாயோவில் 1908 டிசம்பருக்கு அப்புறம் இறந்தவர்களுக்கு மாநிலச் சான்று உண்டு, அதில் இறந்தவரின் அப்பா பெயர், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் கேட்டு எழுதியிருப்பார்கள். பெர்ன்ஹார்ட் 1913-ல் இறந்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறுமனே ஜெர்மனி என்று இருந்தது, எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் தெளிவாக இருந்தது. அது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது எனக்குப் புரியவில்லை, அந்தப் பெயரைக் குறித்து வைக்காமலே அடுத்த பக்கம் போய்விட்டேன். நீங்கள் குறித்து வையுங்கள்.

ஃபேமிலிசர்ச்சில் சில படங்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது, ஏட்டின் சொந்தக்காரர்களோடு போட்ட ஒப்பந்தப்படி அவர்களுடைய மையத்துக்கோ, இணைப்பு நூலகத்துக்கோ போய்த்தான் பார்க்க வேண்டும். இதை ஒரு குறையாக நான் சொல்ல மாட்டேன். மையத்தில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெரியவர்கள், அப்படி ஒரு பொறுமையோடு உதவுவார்கள். என் தேடலில் பெரிய முடிச்சு ஒன்றை அவிழ்த்ததே அங்கே ஒரு அம்மாதான், அதை அப்புறம் சொல்கிறேன்.

குடியுரிமைத் தாளைப் பற்றி நிறைய பேர் ஆசையோடு இருப்பார்கள். 1906 செப்டம்பருக்கு முந்தியது என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அதுவரை ஒவ்வொரு உள்ளூர் நீதிமன்றமும் தன் இஷ்டப்படி ஒரு படிவம் வைத்திருந்தது. பெர்ன்ஹார்ட்டின் தாளில் ஜெர்மன் பேரரசருக்கு இனி நான் பணிந்தவன் அல்ல என்று ஒரு வரி, ஒரு கையெழுத்து, தேதி, அவ்வளவுதான். ஊர் இல்லை.

கப்பல் பட்டியலும் அப்படித்தான் கைவிட்டது, காரணம் துறைமுகம். ஹாம்பர்க் வழியாகக் கிளம்பியவர்களின் வாரிசுகள் கொடுத்து வைத்தவர்கள். 1850-லிருந்து 1934 வரை பட்டியல்கள் ஹாம்பர்க் ஆவணக் காப்பகத்தில் தங்கியிருக்கின்றன, கடைசியாகக் குடியிருந்த ஊரும் அதில் உண்டு. ஆனால் வடமேற்கு ஜெர்மனிக்காரர்கள் பெரும்பாலும் பிரேமனிலிருந்து கிளம்பினார்கள். பிரேமன் நகரமும் 1832-லிருந்தே கப்பல்காரர்களைப் பட்டியல் எழுத வைத்தது, எழுதியும் இருக்கிறார்கள். பிற்பாடு வைக்க இடமில்லை என்று பழையவற்றை அழித்துவிட்டார்கள், மிஞ்சியதையும் இரண்டாம் உலகப் போர் கொண்டுபோனது. இப்போது பிரேமன் குடும்ப வரலாற்றுச் சங்கம் இலவசமாகப் போட்டிருப்பது 1920 முதல் 1939 வரையிலான பட்டியல்கள். 1868-ல் கிளம்பியவருக்கு அதில் இடம் ஏது. அமெரிக்கக் கரையில் கொடுத்த பட்டியல் இருக்கிறது, 1819-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு கப்பல் தலைவரும் கொடுத்தாக வேண்டும். அதில் பெயர், வயது, தொழில், நாடு: பிரஷ்யா. நாடு தெரிகிறது, வாசல் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் நான் பணத்தைத் தொலைத்தேன். சந்தா கட்டிச் சேரும் ஒரு பெரிய தளம், பெயர் வேண்டாம். பெர்ன்ஹார்ட்டின் பெயரைப் போட்டதும், இதோ உங்கள் தாத்தா, இருபத்திமூன்று பேரின் குடும்ப மரத்தில் இருக்கிறார் என்று காட்டியது. எல்லா மரத்திலும் பிறந்த ஊர் நொய்ன்கிர்ஷன், சார்லாந்து. இருபத்திமூன்று பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் பாட்டியிடம் ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கே தன் பைபிளின் முன்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு மரமாகத் திறந்து ஆதாரம் எங்கே என்று பார்த்தேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்திருக்கிறார், அவரைப் பார்த்து மூன்றாமவர், கடைசியில் ஒருவரிடமும் ஒரு தாள் இல்லை. சந்தாவை நிறுத்த மறந்ததில் இன்னொரு ஆறு மாதப் பணமும் தானாகப் போய்விட்டது. பணம் போனதை விட, 91 வயதுக்காரரைப் பைபிளில் அடித்துத் திருத்த வைத்தது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. மரங்களைப் பாருங்கள், துப்பு கிடைக்கும், ஆனால் ஏட்டின் படம் இல்லாத எதையும் பெரியவர்களிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

உண்மையான வழி எனக்கு என் ஊர் நினைவிலிருந்து வந்தது. தூத்துக்குடியில் என் கல்யாணத்துக்கு முன்னால் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்று வாங்கப் பங்குக் கோவிலுக்கு, அதாவது எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போனபோது, சாமியார் ஒரு பெரிய ஏட்டை விரித்து என் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில், இன்னாரோடு இன்ன ஊரில் திருமணம் என்று எழுத இடம் விட்டிருப்பதைக் காட்டினார். கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை எந்தப் பங்கு, எந்த மறைமாவட்டம் (ஒரு ஆயரின் கீழ் வரும் பங்குகள்) என்று கேட்காமல் விட மாட்டார்களே, அது சின்சினாட்டியிலும் அப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. பெர்ன்ஹார்ட்டின் கல்யாணம் 1872-ல், ஓவர்-தி-ரைனில் ஒரு ஜெர்மன் கோவிலில். பதிவேட்டின் நகல் கேட்டு எழுதினேன், ஐந்து வாரத்தில் வந்தது. லத்தீனில் நாலு வரி. மாப்பிள்ளை பெயருக்கு அடுத்து, "நீன்கெர்கன், மொனாஸ்தெரியென்சிஸ் மறைமாவட்டம்" என்று இருந்தது.

அமெரிக்க அரசாங்கத் தாள்கள் எல்லாம் பிரஷ்யா, ஜெர்மனி என்றே சொல்லிக்கொண்டிருக்க, ஒரு கோவில் ஏடுதான் ஊரைச் சொன்னது. நீங்கள் தேடும் ஆள் கத்தோலிக்கரோ, லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினரோ, முதலில் அவர் அமெரிக்காவில் போன ஜெர்மன் கோவில் எது என்று பாருங்கள். கல்யாணம், இறப்பு, பிள்ளைகளின் திருமுழுக்கு, எதிலாவது ஊர் இருக்கும். அவரைக் காணோம் என்றால் அவருடைய தம்பி, தங்கை, கூட வந்த ஊர்க்காரர்கள் ஏட்டைப் பாருங்கள், ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகத்தான் வந்து ஒரே கோவிலைச் சுற்றிக் குடியேறினார்கள்.

மொனாஸ்தெரியென்சிஸ் என்றால் மியூன்ஸ்டர் என்று கூகுளே சொல்லிவிட்டது. நீன்கெர்கன்தான் எந்த வரைபடத்திலும் இல்லை. அதைத்தான் மையத்தில் இருந்த அந்த அம்மா அவிழ்த்தார். வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, இது தாழ்ஜெர்மன், அதாவது வட ஜெர்மனிப் பேச்சு, நீ என்றால் புதிது, கெர்க் என்றால் கோவில், எழுத்து ஜெர்மனில் நொயன்கிர்ஷன் என்று சொன்னார். அந்தப் பையன் தன் ஊர்ப் பெயரைத் தன் வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறான், சாமியார் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்.

நொயன்கிர்ஷன் என்றால் புதுக்கோவில். நம் ஊரில் புதூர் எத்தனை இருக்கும், அத்தனை நொயன்கிர்ஷன் வட ஜெர்மனியில் இருக்கிறது. இங்கேதான் மேயர்ஸ் கெசட்டியர் வேண்டும். 1912-ல் அச்சான ஜெர்மன் பேரரசின் ஊர் அகராதி, இப்போது இலவசத் தளமாக இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்கள், குக்கிராமம் வரை. ஒவ்வொன்றும் எந்த மாகாணம், எந்த வட்டம், பிறப்பு இறப்பு பதியும் அலுவலகம் எங்கே என்று போட்டிருக்கும், பழைய வரைபடத்திலும் காட்டும். நான் காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். இருபத்திமூன்று மரங்கள் சொன்ன சார்லாந்து ஊரும் அந்தக் காலத்தில் பிரஷ்யாதான், ஆனால் அது ட்ரியர் மறைமாவட்டம், தவிர அதன் பெயரே நொய்ன்கிர்ஷன், ஒன்பது கோவில் என்பது போல ஒலிக்கும் வேறு பெயர். அடித்தாயிற்று. மியூன்ஸ்டர் மறைமாவட்டத்திலேயே ஃபெக்டா பக்கம் ஒரு நொயன்கிர்ஷன் உண்டு, அதுதான் என்று ஒருநாள் முழுக்க நம்பினேன். ஆனால் அது ஓல்டன்பர்க் சீமை, பிரஷ்யா இல்லை. கணக்கெடுப்பிலும் கப்பலிலும் பெர்ன்ஹார்ட் ஓல்டன்பர்க் என்று சொல்லவே இல்லை, எல்லாவற்றிலும் பிரஷ்யா. மிஞ்சியது ரைனே நகரத்துக்குப் பக்கத்தில், ஷ்டைன்ஃபுர்ட் வட்டத்தில், அன்று பிரஷ்யாவின் மாகாணமாக இருந்த வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கும் நொயன்கிர்ஷன், புனித அன்னா பங்கு. மேயர்ஸுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து, இதைத் திறக்காமல் ஒருவரும் ஜெர்மன் ஊரை முடிவு செய்யக் கூடாது.

இப்போதுதான் மாட்ரிகுலா. நாட்டைத் தேர்வு செய்தால் மறைமாவட்டங்கள், அதற்குள் பங்குகள், பங்குக்குள் ஏடுகள், திருமுழுக்கு, திருமணம், இறப்பு என்று வருட வாரியாக. ஏட்டைத் தொட்டால் பக்கங்கள். ஜெர்மனியில் மியூன்ஸ்டர், பாடர்போர்ன், பாசவ் எல்லாம் இருக்கிறது. ஆஸ்திரியா ரொம்ப நிறைவாக இருக்கிறது, லக்சம்பர்க், ஸ்லோவேனியா வரை போகிறது. பெரிதாக்கிப் பார்க்கலாம், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி உண்டு, அதை அப்படியே உறவுக்காரர்களுக்கு அனுப்பினால் அதே பக்கம் அவர்கள் ஃபோனிலும் திறக்கும். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இதனாலேயே ஆறு பேர் கூடச் சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள். பெயரைத் தட்டித் தேடுவது மட்டும் நடக்காது, இது படங்களின் களஞ்சியம், ஏட்டை நீங்களேதான் புரட்ட வேண்டும். சமீப காலத்துப் பதிவுகளும் இருக்காது, தனியுரிமை காரணம். பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1-லிருந்து அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்பு பதிய ஆரம்பித்துவிட்டது, அதற்குப் பிந்தைய பதிவுகளுக்கு அந்தந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தைக் கேட்க வேண்டும். பிறப்பு என்றால் 110 வருடம், திருமணம் 80, இறப்பு 30 கடந்தவை எல்லோருக்கும் திறந்தவை.

கல்லறைக் கல்லில் பிறந்த தேதி 1845 ஆகஸ்ட் 14 என்று இருந்தது. நொயன்கிர்ஷன் 1845 ஏடு, கோடு போட்டு அச்சடித்த கட்டங்கள், வரிசை எண், பிள்ளை பெயர், பிறந்த நாளும் மணியும், அப்பா, அம்மா, தொழில், ஞானப்பெற்றோர். சுலபமாகப் போய்விடும் என்று நினைத்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. எழுதியிருந்தது குரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. அதில் 'ஈ' எழுத்து 'என்' மாதிரியே இருக்கும், இரண்டு சின்னக் கோடு. 'யு'வும் 'என்' மாதிரிதான், தலைக்கு மேல் ஒரு வளைவு இருந்தால் அது 'யு'. 'எஸ்' நீளமாகத் தொங்கும், 'எச்' மேலேயும் கீழேயும் கொக்கி போடும். இதைப் பள்ளியில் படித்த தலைமுறை போய்விட்டதால் ஜெர்மனியிலேயே பலருக்குத் தங்கள் தாத்தா கடிதத்தைப் படிக்க முடியாது. நான் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தினமும் ராத்திரி அரை மணி நேரம், அந்த எழுத்தில் எழுதிப் பழகினேன். படித்துப் பழகுவதை விட எழுதிப் பழகினால் சீக்கிரம் வரும், கை எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தால் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆறு வாரத்தில் பெயர்கள் படிக்க வந்தது. திணறும் இடத்தில் டிரான்ஸ்க்ரிபுஸ் என்ற கையெழுத்து வாசிக்கும் மென்பொருளில் போட்டு நான் படித்தது சரியா என்று ஒப்பிட்டுக்கொண்டேன். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலிருந்து வருகிறது, நல்ல துணை.

இன்னும் பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும், அதில் ஒரு இடத்தில் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். மாதப் பெயருக்குப் பதில் 7பெர், 8பெர் என்று எழுதியிருப்பார்கள். ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று எடுக்கக் கூடாது, லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, ஆகவே 7பெர் என்றால் செப்டம்பர், 8பெர் அக்டோபர்.

எழுத்து வந்த பிறகும் ஆள் வரவில்லை. ஆகஸ்ட் மாதம் முழுக்க, பிறகு 1845 முழுக்க, பிறகு 1844, 1846, எங்கள் குடும்பப் பெயரில் ஒரு குழந்தையும் இல்லை. ஊரே தப்போ என்று மூன்று வாரம் தூக்கமில்லை. அப்போதுதான் இறப்புச் சான்றில் இருந்த அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் நினைவுக்கு வந்தது. அப்பா கட்டத்தை விட்டுவிட்டு அம்மா கட்டத்தை மட்டும் படித்துக்கொண்டே வந்தேன். ஆகஸ்ட் 14, பெர்ன்ஹார்ட், அம்மா பெயர் எழுத்துக்கு எழுத்து அதே. அப்பா கட்டத்தில் முற்றிலும் வேறு ஒரு குடும்பப் பெயர், அதற்கு அடுத்து சின்னதாக இரண்டு எழுத்து, 'ஜிடி' (gt), அதற்கு அடுத்து, எங்கள் பெயர்.

அந்த இரண்டு எழுத்து 'கெனாண்ட்' (genannt) என்பதன் சுருக்கம், என்று அழைக்கப்படுகிற என்று பொருள். வெஸ்ட்ஃபாலியாவில் குடும்பப் பெயர் ரத்தத்தைப் பின்தொடரவில்லை, நிலத்தைப் பின்தொடர்ந்தது. பண்ணைக்கு ஒரு பெயர் இருக்கும், அதில் யார் குடியிருந்து உழுகிறாரோ அவருக்கு அந்தப் பெயர். நம் பக்கத்தில் வீட்டோடு மாப்பிள்ளை என்று சொல்வோமே, அப்படி ஒருவர் கல்யாணத்தின் மூலம் வேறொரு பண்ணைக்குள் வந்தால் அவர் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணைப் பெயரை எடுத்துக்கொள்வார். பெர்ன்ஹார்ட்டின் அப்பா அப்படி வந்தவர். ஏட்டை எழுதியவர் அவருடைய பிறவிப் பெயரை முதலில் போட்டார், பையன் பண்ணைப் பெயரோடு கப்பல் ஏறினான். இன்றைக்கு அமெரிக்காவில் நாற்பது சொச்சம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் உண்மையில் ஒரு துண்டு நிலத்தின் பெயர். இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு, "அப்படியென்றால் அந்த நிலம் அங்கேயேதான் இருக்கும், இல்லையா?" என்று கேட்டார். எந்த எல்லிஸ் தீவு அதிகாரியும் பெயரை மாற்றவில்லை, மாறியது அதற்கு ஒரு தலைமுறை முன்னாலேயே, ஒரு கல்யாணத்தில்.

தொழில் கட்டத்தில் கோட்டர் என்று இருந்தது, சின்ன வீடும் கொஞ்சம் நிலமும் உள்ள குடியானவர். அந்தப் பக்கத்தில் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட மாட்டார்கள், முழுசாக ஒருவருக்குத்தான் போகும். மற்றப் பிள்ளைகள் பெரிய விவசாயியின் குடிசையில் வாடகைக்கு இருந்து, கூப்பிட்ட நேரமெல்லாம் அவர் வயலில் வேலை செய்யும் ஹொயர்லிங் ஆக வேண்டும், கோடையில் ஹாலந்துக்கு நடந்து போய்ப் புல் அறுக்க வேண்டும். வீட்டில் நெய்த லினன் துணி கொஞ்சம் கைகொடுத்து வந்தது, இயந்திரத் துணி வந்ததும் அதுவும் படுத்துவிட்டது. அதே ஏட்டில் பார்த்தால் பெர்ன்ஹார்ட் மூன்றாவது மகன். இதற்கு மேல் போர் வேறு, 1864-ல் ஒன்று, 1866-ல் ஒன்று, பிரஷ்யப் படையில் கட்டாய சேவை. இருபத்திமூன்று வயதில் கிளம்பியிருக்கிறார். 1820-க்கும் 1920-க்கும் நடுவில் இப்படி ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன்காரர்கள் அமெரிக்கா வந்தார்கள், 1882-ல் மட்டும் இரண்டரை லட்சம். பெரிய எண்களாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது மகன் என்று அந்தக் கட்டங்களை எண்ணிப் பார்த்தபோதுதான் தோன்றியது.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லுத்தரன், சீர்திருத்தக் கோவில் ஏடுகளுக்கு ஆர்க்கியோன் என்ற தளம், 2015-லிருந்து இருக்கிறது, கட்டணம் உண்டு. நான் ஒரு மாதச் சீட்டு எடுத்துப் பார்த்தேன், பெர்ன்ஹார்ட்டின் மனைவி வழியில் ஒரு கிளை லுத்தரன் என்பதால். பணம் கட்டும் முன்பே எந்த ஊருக்கு எந்த வருட ஏடு இருக்கிறது என்ற பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம், அதைப் பார்த்து, உங்கள் ஊர் இருந்தால் மட்டும் கட்டுங்கள். எழுத்துப் பழகிய பிறகு கட்டுங்கள், பழகும் மாதத்துக்குப் பணம் கட்டினால் வீண். படங்களின் தரம் நன்றாக இருக்கிறது, எனக்கு நாலு மதிப்பெண். ஓடர் நதிக்குக் கிழக்கே, பொமரேனியா, சைலீசியா பக்கம் என்றால் இந்த இரண்டும் போதாது, அந்த நிலம் இப்போது போலந்து. போலந்து அரசு ஆவணக் காப்பகங்களின் தளம் இலவசம், அங்கே பாருங்கள். பாடன், வியூர்ட்டெம்பர்க் பக்கம் என்றால் அந்த மாநில ஆவணக் காப்பகமே வெளியேறியவர்களின் பெயர்களைத் தேடும்படி இணையத்தில் போட்டிருக்கிறது, அவர்களுக்கு என் ஒன்றரை வருடம் ஒரு மாலையில் முடியலாம்.

அந்தப் பக்கத்தை ஏ3 அளவில் கெட்டித் தாளில் அச்சடித்துப் பாட்டியிடம் கொண்டு போனேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து, எந்த வரி என்று கேட்டார். தேதியைக் காட்டினேன், பெயரைக் காட்டினேன். அப்பா, அம்மா, கோட்டர். அவர் விரல் அடுத்த கட்டத்துக்குப் போனது, இது யார் என்றார். ஞானத்தாய், அன்னா மரியா என்றேன். அவளுக்கு எவ்வளவு வயது இருக்கும், கல்யாணம் ஆகியிருந்ததா, அவளும் இங்கே வந்தாளா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். பைபிளை எடுத்து, அடித்த வரிக்குக் கீழே நொயன்கிர்ஷன் என்று ஒவ்வொரு எழுத்தாக என்னைச் சொல்லச் சொல்லி எழுதினார்.

அன்னா மரியாவின் கல்யாணம் 1847 ஏட்டில் இருக்க வேண்டும். 31-வது பக்கம் வரை வந்திருக்கிறேன்.